புகைக்கூண்டும் பி.எஃப். பணமும்

மூடிக் கிடக்கும் மில்லைப் பார்த்தால் மதுரையில் பெரும்பாலும் இரண்டு யோசனைதான் வரும். பிளாட் போடலாம், இல்லையென்றால் கல்யாண மண்டபம் கட்டலாம். சில வருடங்களாக மூன்றாவதாக ஒன்றும் அடிபடுகிறது. "லண்டன்ல ஆத்தங்கரைப் பவர் ஹவுஸை எப்படி மாத்திருக்காங்க பாருங்க, நாமளும் ஒரு மில்லை அப்படிப் பண்ணலாமே" என்று நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். நான் அங்கே போய் வந்தவன் என்பதால் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள். கட்டடக்கலை படித்த நண்பர் ஒருவர், "அது வெறும் மால்தான், பழைய ஓட்டுக்குள்ளே புதுக்கடை" என்று அடித்துப் பேசுவார். இன்னொருவர், "இடிக்காம விட்டாங்கல்ல, அது போதும்" என்பார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படும். ஆனால் எதிலும் மனசு நிற்காது. எனக்கு அதில் ஏதாவது பிடி கிடைத்தது என்றால், அது ஆரப்பாளையத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில்தான். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

பேச்சு பேட்டர்ஸீ அனல்மின் நிலையத்தைப் பற்றியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், கவிழ்த்துப் போட்ட ஸ்டூலின் நான்கு கால்களைப் போல நான்கு வெள்ளைப் புகைக்கூண்டுகள் நிற்கும். படத்தில் பார்த்தவர்களுக்கு ஒரே மூச்சில் கட்டியது போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு நிலையங்கள். முதல் பாதியை 1929-இல் ஆரம்பித்து 1935 வாக்கில் முடித்தார்கள். மறுபாதி போருக்குப் பிறகுதான் உருப்பட்டது. நான்காவது கூண்டு எழும்ப 1955 ஆகிவிட்டது. வெளித்தோற்றத்துக்குப் பொறுப்பு ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், லண்டனின் அந்தச் சிவப்பு டெலிபோன் கூண்டை வடிவமைத்த அதே ஆள். உள்ளே இரும்புச் சட்டம், மேலே சுமார் 60 லட்சம் செங்கல். நிலக்கரி கப்பலில் வந்தது. ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் அந்தக் கப்பல்களையே தட்டையாக, உயரம் குறைத்துக் கட்டினார்கள். கரையில் இருந்த இரண்டு கிரேன்கள் கரியை அள்ளி இறக்கும். உச்சத்தில் லண்டனின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போனது. 1964 ஏப்ரல் 20 அன்று உள்ளே தீப்பிடித்ததில் நகரத்தின் பல பகுதிகள் இருண்டு, அன்றைக்குத் தொடங்க வேண்டிய பி.பி.சி.யின் இரண்டாவது சேனல் தொடங்க முடியாமல் போனது. மின்வாரியத்தைத் திட்டியே வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் ஓர் அற்ப சந்தோஷம் வரத்தான் செய்யும்.

கட்டும்போதே ஊரில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. நகரத்துக்கு நடுவே இவ்வளவு புகையா, ஓவியங்களும் பழைய கட்டடங்களும் என்ன ஆவது என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காகவே புகையைத் தேம்ஸ் தண்ணீரில் கழுவி வெளியே விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். காற்று ஓரளவு தப்பியது. கழுவிய தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே போனது. ஆற்றங்கரைத் தொழில் என்றால் எந்த ஊரிலும் கணக்கு கடைசியில் ஆற்றின் தலையில்தான் விழும் போலிருக்கிறது.

நாற்பது வருடம் சும்மா நின்றது

1975-இல் ஒரு பாதியை நிறுத்தினார்கள், 1983-இல் மறுபாதியை. அதற்கு முன்பே, 1980-இல், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டதால் இடிக்க முடியாது. அதுதான் அதன் அதிர்ஷ்டம், அதுதான் அதன் கஷ்டமும். கேளிக்கைப் பூங்கா ஆக்கப் போகிறோம் என்று எண்பதுகளில் ஒருவர் வந்தார். பெரிய சாமான்களை வெளியே எடுக்கக் கூரையைப் பிரித்தார். 1989-இல் பணம் தீர்ந்து வேலை நின்றது. கூரை போனது போனதுதான். அதன் பிறகு மழையும் பனியும் நேராக உள்ளே இறங்கின. தொண்ணூறுகளில் ஹாங்காங் கம்பெனி ஒன்று வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 2006-இல் அயர்லாந்துக்காரர்கள் வாங்கினார்கள், 2011-இல் கடனில் மூழ்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி வரைபடம், ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு, அப்புறம் மௌனம். மதுரைக்காரனுக்கு இதில் எதையும் விளக்கவே வேண்டாம்.

2012-இல் மலேசியாக்காரர்கள் 40 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர்கள் கையில்தான் வேலை முடிந்தது. 2021-இல் சுரங்க ரயில் அதன் வாசலுக்கே வந்தது. 2022 அக்டோபர் 14 அன்று கதவைத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். டர்பைன் ஓடிய இரண்டு பெரிய கூடங்களும் இன்றைக்குக் கடை வீதி. பாய்லர் இருந்த இடத்தில் ஆப்பிள் கம்பெனியின் அலுவலகம். கூரைமேல் வீடுகள், எட்டிப் பார்க்கவே விலை கேட்கும் வீடுகள். சுற்றியுள்ள நிலத்தில் குறைந்த விலையில் 636 வீடுகள் கட்டித் தருவதாக முதலில் பேச்சு. 2017-இல் அது 386 ஆகச் சுருங்கியது, செலவு கூடிவிட்டதாம். ஒரு கூண்டுக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கினால் 109 மீட்டர் உயரத்தில் தலையை வெளியே நீட்டி ஊரைப் பார்க்கலாம்.

நான் போன அன்று நல்ல கூட்டம். குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு, காபியைக் கையில் பிடித்துக்கொண்டு, சும்மா நிமிர்ந்து பார்த்தபடி நடந்தார்கள். நானும் நிமிர்ந்து பார்த்தேன். முதல் கூடத்தின் சுவரில் மேல்வரை ஓடும் சதுரத் தூண்கள், அதன் வெளிர் ஓடுகள், உயரத்தில் பழைய கிரேனின் இரும்பு. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே வாட்ச் கடை, சென்ட் கடை. மதுரையில் மில் இருந்த இடத்தில் கட்டிய மால் ஒன்றில் எஸ்கலேட்டர் பயத்தில் சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அங்கே மில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு செங்கல்கூட இல்லை. இங்கே எல்லாச் செங்கல்லும் இருக்கிறது, மில் மட்டும்தான் இல்லை. எது மேல் என்று அன்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். தெரியவில்லை.

சித்தப்பாவின் கேள்விகள்

சித்தப்பா மதுரையில் ஒரு மில்லில் பாய்லர் ஹவுஸ் ஃபிட்டர். பாவுக்குக் கஞ்சி போடும் சைஸிங் பிரிவுக்கு நீராவி கொடுக்கும் பாய்லர். அந்த மில் இன்று இல்லை, நிலம் மனைகளாகி வீடுகளும் வந்துவிட்டன. மதுரையில் மில்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1892-இல் ஹார்வி மில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சங்குதான் கடிகாரம். அப்பா தலைமுறையில் பெண் கொடுக்கும்போது "மாப்பிள்ளை மில்லுல இருக்காரு" என்றால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள் என்று சித்தி சொல்வார்.

ஊருக்கு வந்ததும் போனில் இருந்த படங்களைச் சித்தப்பாவிடம் காட்டினேன். நான் மாலைப் பற்றிப் புலம்பத் தயாராக இருந்தேன். அவர் மாலைக் கண்டுகொள்ளவே இல்லை. கூண்டுகளைத்தான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பழைய கூண்டா, புதுசாடா?"

அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டால், "அத்தனை வருசப் புகை போன கூண்டு இம்புட்டு வெள்ளையாவா இருக்கும்? பெயின்ட் அடிச்சாலும் வாயில தெரியும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த நான்கும் பழையவை இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர ஆரம்பித்துவிட்டது, பழுது பார்த்துக் காப்பாற்ற முடியாது என்று சொல்லி ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அதே அளவில் புதிதாக வார்த்திருக்கிறார்கள். முதலில் ஒன்றை இறக்கினார்கள். அதன் வேலை மேலேறிய பிறகுதான் மற்ற மூன்றையும் தொட்டார்கள். நான்கையும் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்களோ என்ற பயம் ஊராருக்கு இருந்ததே காரணம். முன்னால் வந்தவர்கள் கூரையைப் பிரித்துவிட்டுப் போனதைப் பார்த்த ஊர் அல்லவா. புதிய கூண்டுகளையும் பழைய முறைப்படியே, தள்ளுவண்டியில் கான்கிரீட் கொண்டுபோய்க் கையால் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். செங்கல் மாற்ற வேண்டிய இடங்களுக்கு அந்தக் காலத்தில் செங்கல் கொடுத்த அதே சூளைக்காரர்களிடமே போய் வாங்கினார்கள்.

"கையால கொட்டுனாய்ங்களா? அப்ப சரி" என்றார் சித்தப்பா. புதிதாகக் கட்டியதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாய்லரில் ட்யூப் போனால் ட்யூபை மாற்றுகிறோம், அதற்காக அது வேறு பாய்லர் ஆகிவிடுமா என்பது அவர் வாதம். பழமையைப் பாதுகாப்பவர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். பழைய பொருளே இருக்க வேண்டும், நகல் கூடாது என்று அங்கேயும் அப்போது பலர் எதிர்த்தார்கள். எனக்கென்னவோ இந்த விஷயத்தில் சித்தப்பா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. கோயில் கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி, உடைந்த பொம்மையை எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, வர்ணம் பூசுகிற ஊரில் பிறந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

அடுத்த கேள்வி: "டர்பைன் எங்க?"

நிலையத்தை மூடிய பிறகு இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது. கட்டுப்பாட்டு அறைகள் இரண்டும் தப்பித்திருக்கின்றன, அதையாவது பாருங்கள் என்று அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்தேன். முதல் அறை 1930-களின் பகட்டு: பளிங்குச் சுவர், கண்ணாடிக் கூரை, ஒரு பக்கம் முழுக்க மீட்டர்களும் சுவிட்சுகளும். இரண்டாவது, போருக்குப் பிந்தைய அறை, இரும்புத் தகடு போர்த்தி எளிமையாக இருக்கும். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இது ஆம்பியர் மீட்டரா, கிலோவாட்டா, இந்தக் கைப்பிடி எந்த ஃபீடருக்கு என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை, பாதி பதிலை அவரே சொல்லிக்கொண்டார். அங்கே ஷிப்ட் பார்த்தவனுக்கு அந்த வரிசையில் எந்த முள் எங்கே நின்றால் தூக்கம் போகும் என்று மனப்பாடமாக இருந்திருக்கும் என்றார். சித்தி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டு, அப்புறம் தட்டைத் திண்ணைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"இந்த ரூமுக்குள்ள விடுறாய்ங்களா?"

முதல் அறையை விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், வருகிறவர் போகிறவரெல்லாம் நுழைய முடியாது. இரண்டாவது அறை இப்போது மதுக்கூடம், பணம் கொடுத்துக் குடித்துக்கொண்டே பேனலைப் பார்க்கலாம். இதைச் சொன்னதும் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "பாய்லர் ஹவுஸ்ல தண்ணியடிச்சதுக்கு எங்காளு ஒருத்தனை சஸ்பெண்ட் பண்ணாய்ங்க. இப்ப பாரு, அதுக்கே காசு வாங்குறாய்ங்க."

கடைசியாகத்தான் அதைக் கேட்டார். "கூண்டுல எதுலயாச்சும் புகை வருதா?"

வருகிறது. புகை என்று சொல்ல முடியாது, ஆவி. வளாகத்துக்குச் சூடும் குளிர்ச்சியும் மின்சாரமும் கொடுக்க நிலத்தடியில் ஓர் எரிசக்தி மையம் வைத்திருக்கிறார்கள். அதன் ஆவி வெளியேறும் வழியாக நான்கில் இரண்டு கூண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றில் லிஃப்ட் ஓடுகிறது. ஆக, நாலில் மூன்று கூண்டுக்கு வேலை இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார் சித்தப்பா. அது அவருக்கு ரொம்பத் திருப்தி. மால், வாட்ச் கடை, ஆப்பிள் எதுவும் அவர் கணக்கில் இல்லை. கூண்டு வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

யார் காசு

"இம்புட்டுக்கும் எவன்டா காசு போட்டான்?" என்று அவர் கேட்டபோது நான் ஏதோ ஒப்புக்குத்தான் பதில் சொன்னேன். மூன்று மலேசிய நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின. எஸ்.பி. செத்தியா என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 40 சதவீதம், சைம் டார்பிக்கு 40 சதவீதம், மிச்சம் 20 சதவீதம் மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியத்துக்கு. பின்னாளில் அந்த மையக் கட்டடத்தை மட்டும் இந்தச் சேமநிதி வாரியமும் இன்னொரு மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து தங்கள் பேருக்கு வாங்கிக்கொண்டன.

"சேமநிதின்னா?"

"பி.எஃப்.தான் சித்தப்பா. நம்ம பி.எஃப். மாதிரியேதான். சம்பளத்துல கொஞ்சம் பிடிச்சு, கம்பெனியும் கொஞ்சம் போட்டு..."

சோற்றில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். "தொழிலாளி காசா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். "மலேயால வேலை பாக்குறவன் காசுல லண்டன்காரன் பவர் ஹவுஸ் நிக்கிதா!" என்று அவர் சொன்ன சத்தத்தில் உள்ளே இருந்து சித்தி எட்டிப் பார்த்தார்.

அதுவரை நான் அந்தக் கட்டடத்தை இங்கிலாந்தின் கதையாகத்தான் பார்த்து வந்திருந்தேன். நிலக்கரி, பேரரசு, அப்புறம் வீழ்ச்சி, அப்புறம் மால். சித்தப்பா போட்ட ஒரு கூச்சலில் அது வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. சைம் டார்பி என்பது 1910-இல் மலாக்காவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகிக்க ஆரம்பித்த கம்பெனி. பிறகு மலேசியர் கைக்கு வந்து, செம்பனைத் தோட்டம், கட்டுமானம் என்று பெருத்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியது யார் என்று மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் கேட்க வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். கங்காணி ஒருவர் ஊரில் வந்து ஆள் சேர்த்தாராம். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து போனார், அதன் பிறகு கடிதமும் நின்றுவிட்டது. அவர் பேரன் பேத்திகள் அங்கே ஏதாவது ஆலையிலோ அலுவலகத்திலோ இருப்பார்கள். இருந்தால் அவர்கள் சம்பளத்திலும் சேமநிதி பிடித்திருப்பார்கள். அந்தப் பிடித்தத்தில் ஒரு காசு, ஒரே ஒரு காசு, அந்தச் செங்கல்லில் சேர்ந்திருக்கலாம்.

இதை வைத்துப் பெருமை பேசலாமா என்றால், எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சேமநிதி வாரியம் அங்கே போனது கலையைக் காப்பாற்ற இல்லை, வட்டி சம்பாதிக்க. ஓய்வு பெறப் போகிறவனுக்கு நல்ல ஈவுத்தொகை கொடுக்க வேண்டும் என்றால் கடைகளுக்கு நல்ல வாடகை வர வேண்டும். சென்ட் கடை இருக்க வேண்டும், கூரை வீடு விலை போக வேண்டும், குறைந்த விலை வீடுகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும்! எங்கள் கட்டடக்கலை நண்பர் திட்டுகிற அந்த மால்தான் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஏதோ ஒரு தொழிலாளியின் முதுமைக்குப் பணம் கட்டுகிறது. லண்டனில் வீடில்லாத ஒருவன் அதற்கு விலை கொடுக்கிறான். இதில் யார் பக்கம் நிற்பது? மாலைத் திட்டுவது சுலபமாக இருந்த காலம் எனக்கு அன்றோடு முடிந்தது. அதற்காக மால் பிடித்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

சித்தப்பாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அவருக்கு வேறு கணக்கு இருந்தது. அவர் மில்லை மூடியபோது, கடைசிப் பல மாதங்களுக்குச் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்.பை நிர்வாகம் கட்டாமலே விட்டிருந்தது தெரியவந்தது. சீட்டில் பிடித்தம் இருக்கிறது, கணக்கில் வரவு இல்லை. கிராஜுவிட்டிக்கு வழக்கு. டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரைக் காணோம் என்றார்கள், அப்புறம் கறையான் என்றார்கள். தொழிலாளர் நீதிமன்றத்துக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போய் வந்த அவருடைய கூட்டாளிகளில் சிலர் தீர்ப்பு வருமுன்பே போய்ச் சேர்ந்தார்கள். வந்த தொகையும் கேட்டதில் ஒரு பங்குதான். அதற்குள் மில் நிலம் கைமாறி, கூண்டை இறக்கி, செங்கல்லை லோடு கணக்கில் விற்று, கல் நட்டு, மனைக்கு நூல் பிடித்தாயிற்று. நூல் மில்லில் கடைசியாகப் பிடித்த நூல் அதுதான் என்று சித்தப்பா ஒரு முறை சொன்னார்.

"அங்க பி.எஃப். காசு போயி மூடுன கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கு. இங்க கட்டடத்தை வித்தும் பி.எஃப். காசு வரலை" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். பெரிய கோபம் எதுவும் குரலில் இல்லை.

கரைக்குப் போகிற வழி

அதே தேம்ஸில், கீழே கொஞ்ச தூரத்தில், அதே ஸ்காட் வடிவமைத்த இன்னொரு அனல்மின் நிலையம் உண்டு, பாங்க்சைடு. 1981-இல் மூடினார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறந்தார்கள். டர்பைன் கூடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார்கள். யாரும் எதுவும் வாங்காமல் நடக்கலாம், தரையில் உட்காரலாம், பிள்ளைகள் உருளலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். எனக்கு அதுதான் பிடித்தது. திறப்பு என்றால் அதுதான் திறப்பு என்று சித்தப்பாவிடம் வாதாடினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "மிஷினும் இல்லை, மீட்டரும் இல்லை, வெறும் ஹால். அதுக்கு நம்ம தமுக்கம் மைதானம் போதுமே" என்று முடித்துவிட்டார். மீட்டரும் கிரேனும் இருக்கிற பேட்டர்ஸீதான் அவருக்கு ஒசத்தி. அந்தக் கரையில் கரி இறக்கிய இரண்டு கிரேன்களையும் பழுது பார்த்துத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

இயந்திரம் பார்க்க ஆசை என்றால் லண்டன் எதற்கு என்றும் கேட்டார். குமுளி மலைப்பாதையில் ஏறும்போது லோயர் கேம்ப் பக்கம் மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பென்னிகுவிக் 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் அது. விழுந்து டர்பைனைச் சுற்றி, கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி, வைகை அணைக்கு வந்து, பேரணை தாண்டி நம் பக்கம் வருகிறது. ஆக வைகைக்கும் அந்த லோயர் கேம்பில் ஒரு பவர் ஹவுஸ் இருக்கிறது, மூடவில்லை, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்க் காட்டட்டும், மூடினது மேலே என்ன அப்படி ஒரு காதல் என்பது அவர் கட்சி. ஓடுகிறதைக் காட்ட நமக்குத் தோன்றாது என்பது உண்மைதான்.

ஆனால் பேட்டர்ஸீயில் எனக்குக் கடைசிவரை பிடித்த விஷயம் கட்டடத்துக்கு வெளியே இருந்தது. கரி இறங்கிய கரை, வேலைக்காரர்கள் தவிர யாரும் கால் வைக்காத கரை, இப்போது நடைபாதையும் பூங்காவுமாக இருக்கிறது. டிக்கெட் கிடையாது, கேட்டு கிடையாது. ஆற்றைப் பார்த்தபடி ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார், யாரும் அவரை எழுப்பவில்லை. படகுத்துறையில் படகு வந்து நின்று ஆள் ஏற்றிப் போனது. நம் ஊரில் அதே வருடங்களில் நாம் செய்தது நேர் எதிர். வைகையின் இரு கரையிலும் தடுப்புச்சுவர் எழுப்பி, மேலே சாலை போட்டு, வாகனத்துக்குக் கொடுத்துவிட்டோம். பேச்சியம்மன் படித்துறை, ஓபுளா படித்துறை, திருமலைராயர் படித்துறை என்று இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் இடம் சொல்கிறோம். அங்கே இறங்கிப் பார்த்தால் ஆற்றுக்கு முன்னால் வண்டிகள்தான் ஓடுகின்றன. மூன்றாம் ஷிப்ட் முடித்து, பஞ்சு ஒட்டிய தலையோடு நேராக ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்ததைச் சித்தப்பா சொல்வார். அதற்கு அன்று யாரும் கரையைத் 'திறக்க' வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, மில்லை மீட்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், மில்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆற்றங்கரைக்கு நடந்து போக ஒரு வழி விடுங்கள், இறங்க நாலு படி கட்டுங்கள் என்றுதான் சொல்வேன் என்று அவரிடம் அறிவித்தேன். கொஞ்சம் மேடைப் பேச்சாகவே சொல்லிவிட்டேன் போல. சித்தப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "படி கேளு, வேணாங்கலை. தண்ணிய யாருகிட்ட கேக்கப் போற?" என்றார்.